மறந்த கட்டு

எலியாகு என்ற பெயரை வைத்துக்கொண்டு
நெல் குடோனில் பிழைப்பது சிரமம்.
எலி சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள்,
சாக்கு கடிபட்ட நாளில் கொஞ்சம் சத்தமாக.

கொரடாச்சேரி கொள்முதல் நிலையத்தில்
மூட்டை எண்ணுவது என் வேலை.
விடிகாலை, யாரும் வருமுன்,
தார்ப்பாய் அடுக்குக்குப் பின்னால்
மேற்கே திரும்பி, கண்ணைப் பொத்தி,
அவன் ஒருவனே என்று தொடங்குவேன்.
ஒருவனே, ஒன்று, இரண்டு, மூன்று,
நேற்றைய லாரியில் இருநூற்றுப் பன்னிரண்டு
திரும்பவும் முதலிலிருந்து.

வாய் சொன்னால் போதும், கடமை தீர்ந்தது
என்பார்கள் எங்களில் சிலர்.
மனசு வராத சொல் வெறும் பதர்
என்பார்கள் மற்றவர்கள்.
தலைமுறை தலைமுறையாகத் தீராத வழக்கு.
கொச்சியிலிருந்து வந்தபோது
அதையும் பெட்டியில் மடித்து எடுத்துவந்தேன்.
'கவானா' என்று ஒன்று வேண்டும், வைரக்கண்ணு.
"கவனந்தானே சார்? எழுதியே போட்டிருக்கே"
என்று எடைமேடைப் பலகையைக் காட்டினான்.

வெட்டாற்றங்கரையில் மூன்று மா
குத்தகைக்கு வைத்திருக்கிறேன்.
ஒரே ஒரு கட்டளைக்காக என்றால் சிரிப்பீர்கள்.
அறுத்த கட்டில் ஒன்றை வயலில் மறந்துவிட்டால்
திரும்பிப் போய் எடுக்கக் கூடாது.
அது இல்லாதவருடையது.
வேண்டுமென்று விட்டுவந்தால் அது தானம்.
நல்லதுதான். ஆனால் இந்தக் கணக்கில் வராது.
நினைத்தால் கெட்டுப்போகும் புண்ணியம்.

கணக்கு எழுதுகிறவனுக்கு மறதி எங்கிருந்து வரும்?
ஆறு சம்பா போயிற்று.
கட்டு ஒன்றுகூடத் தவறாமல் களம் சேர்ந்தது.

இந்தத் தையில் மிஷின் இறங்காத சேறு,
கையறுப்பு.
பதினொரு மணிக்கு ஆஷ்தோதிலிருந்து தம்பி பேசினான்,
அம்மா கல்லில் எந்தத் தேதி போடுவது,
நம் காலண்டரா, ஊர் காலண்டரா என்று.
வரப்போடு நடந்துகொண்டே பேசினேன்.
எவ்வளவு நேரம், தெரியாது.

மறுநாள் செங்கமலம் வந்து நின்றாள்.
"கீழ மடையோரம் ஒரு கட்டு கெடந்துச்சு சார்.
அடிச்சுத் தூத்திட்டேன். ஒரு மரக்கா தேறும்.
கூலியில கழிச்சுக்குங்க."

கழிக்கக் கூடாது!
என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.
பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தாள்.

அவள் போனபின் நோட்டைப் புரட்டினேன்.
அறுத்தது நூற்று நாற்பது.
களத்தில் நூற்று முப்பத்தெட்டு.
பக்கத்தில் என் கையாலேயே சரி என்று டிக்.

அப்படியானால் இன்னொன்று
எங்கே என்று எண்ணத் தொடங்கி,
வேண்டாம்,
பேனாவை மூடினேன்.
வெளியே லாரி ஹாரன் அடித்தது.