இடது பக்கம் மட்டும்

மாகிம் கழிமுகத்தை ரயில் கடக்கும்போது
பெண்கள் பெட்டி மொத்தமும் துப்பட்டாவுக்குள் போகும்.
பாந்த்ரா வந்ததும் வெளியே வரும்.
எனக்கு மட்டும் அந்த நாற்றம்
கார், சாந்தாகுரூஸ், விலே பார்லே என்று
அந்தேரி வரை கூடவே வந்தது,
சீசன் டிக்கெட் எடுத்ததுபோல.

"எனக்கு ஒன்றும் அடிக்கவில்லையே" என்றார் தேவசகாயம்.
ஃப்ரிட்ஜைத் துடைத்தேன். மோரியில் ஆசிட் ஊற்றினேன்.
மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகை பிடித்தேன்.
மூன்று தடவை மாத்திரை. மூன்று தடவையும்
பத்து நாள் ஒழுங்காக இருந்து
பதினோராம் நாள் திரும்பியது.
மெட்ரோ தோண்டுகிறார்கள், தூசி,
எல்லோருக்கும் இருப்பதுதான் என்றார்கள்.

டாக்டர் பெட்னேகர் ஒன்றே ஒன்று கேட்டார்:
"இரண்டு பக்கமுமா?"
இடது மட்டும்.
"தூசிக்கு இடது வலது தெரியாதே."
மூக்கை விட்டுவிட்டு வாயைத் திறக்கச் சொன்னார்.
கண்ணாடிக் காம்பால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார்,
தேங்காய் வாங்குகிறவர் மாதிரி.

நாலு வருஷம் முன்பு
சயனில் வேர் சிகிச்சை செய்து
தொப்பி மாட்டிய கடைவாய்ப்பல்.
அது வலிக்கவே இல்லை டாக்டர்.
"நரம்பை எடுத்த பல் எப்படி வலிக்கும்?"

ஸ்கேனில்
வலது கன்னத்தின் அறை கறுப்பு. காற்று.
இடது அறை சாம்பல், தரையிலிருந்து கூரை வரை.
பல்லின் வேருக்கும் அந்தத் தரைக்கும் நடுவே
வெங்காயச் சருகளவு எலும்பு
இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை.

எங்கள் சொசைட்டிக் கணக்கைப்
பதினோரு வருஷமாக நான்தான் எழுதுகிறேன்.
எத்தனை கசிவு வழக்கு!
எப்போதும் மேல்வீடு குற்றவாளி,
கீழ்வீடு கூரையைக் காட்டி அழும்.
கீழிருந்து மேலே கசிந்தது இதுதான் முதல்.
யார் செலவு என்பதில் மட்டும் வழக்கமான இழுபறி:
மூக்கென்றால் உண்டு, பல்லென்றால் கிடையாது
என்றது இன்ஷூரன்ஸ் கம்பெனி.

பல்லைப் பிடுங்கி ஓட்டையைத் தைத்தார்கள்.
மூக்கு வழியாகப் போய் அறையைக் கழுவினார்கள்.
இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக்கூடாது,
ஸ்ட்ராவில் உறிஞ்சக்கூடாது,
தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.
தும்மினேன்.
நிலோஃபர் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்தாள்.

இன்று மாகிம்.
துப்பட்டாக்கள் ஏறின.
நான் மூடவில்லை.
நாற்றம் வந்தது, இரண்டு துவாரத்திலும்,
எல்லோருக்கும் வருகிற அளவுக்கு.
பாந்த்ராவில் இறங்கிக்கொண்டது.

நாக்கு மட்டும் இன்னும்
அந்தக் காலி இடத்துக்குப் போய்ப் போய் வருகிறது,
பூட்டிய ஃபிளாட்டின் கதவை
ஒருமுறை இழுத்துப் பார்க்கும்
செக்ரட்டரி போல.