நூற்றிருபத்திரண்டாவது பெட்டி

ரீகாவில் டிசம்பர்.
நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும்.
டிராம் பணிமனையில் அதன் பிறகு நடப்பதெல்லாம்
இரவுப் பணிதான்.

வில்னிஸ் கேட்டது சின்னக் கேள்வி:
இருக்கிற பெட்டிகளை எத்தனை விதமாய்க் கோத்து
வண்டிகளாக அனுப்பலாம்?
எது முன், எது பின் என்ற பேச்சில்லை.
எல்லாம் ஒரே நீலம்.

ஐந்து பெட்டிக்கு ஏழு விதம்.
ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் எழுதிக் காட்டினேன்:
ஐந்தும் ஒன்றாய். நாலும் ஒன்றும். மூன்றும் இரண்டும்...
ஏழாவதை எழுதுமுன்
முதலாவது வழிந்து போயிற்று.

வழியாத எழுத்துக்குத்தான் நிரல்.
வரிசையாய் நூற்றுச் சொச்சம் கட்டங்கள்.
எல்லாம் பூஜ்யம்; முதல் கட்டத்தில் மட்டும் ஒன்று.
பெட்டியே இல்லாத பணிமனைக்கும்
ஒரு வழி உண்டு அல்லவா:
சும்மா இருப்பது.

பிறகு அடைப்புக்குறிகளின் பெருக்கல்.
ஒற்றை வண்டிகளுக்கு ஓர் அடைப்புக்குறி,
இல்லை, ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிவில்லாமல்.
இரட்டைகளுக்கு இன்னொன்று, இரண்டிரண்டாய்த் தாண்டும்.
அப்புறம் மும்மைக்கு. நான்குக்கு.
எக்ஸின் மதிப்பு என்ன என்று மட்டும் கேட்காதீர்கள்.
அது எங்கும் போகாது.
எத்தனை பெட்டி என்பதைத் தலையில் சுமந்து
நின்ற இடத்தில் நிற்கும்.
பெருக்கும்போது தலைச்சுமைகள் கூடும்.

இவ்வளவு பெருக்கலும் நிரலில் ஒரே வரி:
வண்டி எத்தனை நீளமோ அத்தனை கட்டம் பின்னால் போய்
அங்குள்ளதை உன்னோடு கூட்டிக்கொள்.
இடமிருந்து வலமாக.
தூக்கக் கலக்கத்தில் ஒருநாள் வலமிருந்து ஓட்டிவிட்டேன்.
ஐந்துக்கு மூன்றுதான் என்றது.
ஒரே நீளத்தில் இரண்டு வண்டி கூடாதென்று
தானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

நேற்றுவரை நூற்றிருபத்தொரு பெட்டிகள்;
இருநூற்றைந்து கோடிச் சொச்சம் வழிகள்.
இன்று, பிரேக் போய்க் கிடந்த ஒன்று
பட்டறையிலிருந்து திரும்பி வந்தது.
ஒன்றைக் கூட்டி ஓட்டினேன்.

கழித்தல் குறி.
அதன் பின்னால் இருநூறு கோடி.
ஒரு பெட்டி வீடு திரும்பியதில்
வழிகளெல்லாம் கடனாகிவிட்டன.

முப்பத்திரண்டு பிட் வாசலில்
அந்த எண் குனிந்தும் நுழையவில்லை.
அறுபத்துநான்காக இடித்துக் கட்டினேன்.
இருநூற்றிருபத்தொன்பது கோடியே
பதின்மூன்று லட்சத்து இருபதாயிரத்துத்
தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு
என்று ஒரே மூச்சில் படித்தேன்.

வில்னிஸ் காப்பியை ஊதினார்.
"மூன்றுக்கு மேல் கோத்தால்
பாலத்து வளைவில் திரும்பாது, அவுஸ்மா."

முதல் மூன்று அடைப்புக்குறிகள் போதும்.
மற்றவற்றை அழித்தேன்.
கோடிகள் உதிர்ந்து நின்றது
ஆயிரத்து முந்நூற்றிரண்டு.
அதில் ஆயிரத்து இருநூற்று எண்பத்தொன்று
நேற்றைய வரிசைகளேதான்,
திரும்பி வந்ததை ஓரத்தில்
ஒற்றையாய் நிறுத்தியவை.
எந்தப் பெட்டியும் தனியே போகாதவை
இருபத்தொன்று.

அந்த இருபத்தொன்றை மட்டும் அச்சிடச் சொன்னார்.
கடைசி வரியில் விரல் வைத்தார்:
நாற்பது மும்மை, ஓர் இரட்டை.
ஏன் அது என்று நான் கேட்கவில்லை.

நாலே முக்காலுக்கு
பனியைத் தள்ளிக்கொண்டு அந்த இரட்டை கிளம்பிற்று.
பின்பெட்டியின் புது பிரேக்
வாசல் தாண்டும்வரை கீச்சிட்டது.