எண்ணிக்கை

முதல் மணி ஆறே முக்காலுக்கு.
அதற்குள் மேசைவிரிப்பு விரிந்திருக்க வேண்டும்.
லாண்டரிக்குக் கொடுப்பதில்லை.
கட்டிலில் போர்வையை மடித்துப் போட்டு
நானே தேய்ப்பேன்;
நடுவில் சிலுவைத் தையல்,
அதன்மேல் பெட்டி ஏறக் கூடாது.

சனி ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த கை இது.
சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டிய கை.
சிவப்பு சோப்பு இரண்டு தரம்,
எலுமிச்சைத் தோல் ஒரு தரம்,
அப்புறமும் நகக்கண்ணில் சிப்காட் இருக்கும்.
ஆயரம்மா வெள்ளைக் கையுறை வாங்கித் தந்தார்கள்.
அன்பாகத்தான்.
போட்டுக்கொண்டால் அப்பத்தை எண்ண வரவில்லை.
இரண்டு ஒட்டியிருப்பது
விரலுக்குத்தான் தெரியும்.

புறா எச்சம் துடைக்க, ரசம் வடிகட்ட,
ஆயருக்கு முன்னால் கோல் பிடித்து நடக்க
யாரும் கற்றுக்கொள்ளலாம்.
எண்ணுவது வேறே.
பிரசங்க நேரத்தில் கடைசித் தூணருகே நிற்பேன்.
எல்லாரும் ஆயர் முகம் பார்ப்பார்கள்,
நான் பிடரிகளைப் பார்ப்பேன்.
வந்தவர்களை அல்ல,
எழுந்து வரப்போகிறவர்களை எண்ண வேண்டும்.
அதற்கு எழாதவர்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

திடப்படுத்தல் ஆகாத பிள்ளைகளைக் கழி.
மாமியாரோடு நாலு மாதமாய்ப் பேசாத
எஸ்தர் ரோஜாவைக் கழி.
"வாயில இன்னொண்ணு வெச்சிக்கினு
அத எப்பிடிண்ணே வாங்கறது?"
சுவரோரம் வேதமாணிக்கம்.
பதினோரு வருஷம்.
தம்பிமேல் வழக்கு, வாலாஜா கோர்ட்டில்:
பாலாற்றங்கரையில் அரை ஏக்கர்,
தண்ணீர் இல்லாத ஒரு கிணறு.
தம்பி முன்வரிசை, அண்ணன் பின்வரிசை.
பந்தி தொடங்கியதும்
பாட்டுப் புத்தகத்தின் அட்டையைப் படிப்பார்,
அச்சகத்தின் முகவரி வரைக்கும்.

அந்த ஞாயிறு எண்பத்தாறு, என்னோடு சேர்த்து.
டப்பாவில் இருந்ததும் சரியாய் எண்பத்தாறு.
அடுத்த பார்சல் புதன்கிழமைதான்.

மெழுகுவர்த்திக்காக விசிறிகளை நிறுத்தினேன்.
ராணிப்பேட்டை, மே மாதம்.
சபை முழுக்க ஒன்றாய் வேர்த்தது.
வரிசைக்கு எட்டுப் பேர்.
கம்பிக் கதவைத் திறந்து,
கிழவர்களுக்கு முழங்கை கொடுத்து,
மண்டியிடும் மெத்தையை நேர்செய்து,
யாரோ ஒரு பையனின் பையில்
அதிரும் போனைக் கண்ணாலேயே அணைத்து
கடைசி வரிசைக்கு வந்தேன்.
நாலு பேர். ஐந்தாவது நான்.

வேதமாணிக்கம் எழுந்தார்.

நடக்கும்போதே சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார்.
முட்டி மடங்கவில்லை;
கம்பியைப் பிடித்து இறங்கினார்,
கிணற்றில் இறங்குகிறவர் மாதிரி.
தம்பி பார்த்தாரா, தெரியாது.
நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு பேருக்குக் கொடுத்தாயிற்று.
தட்டில் ஒன்று.
ஆயர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
உடைக்க விரல் வைத்தார்.
மணி அடிக்கலாமா என்று அவர் கேட்டால்
இன்னும் இல்லை என்பேனே,
அந்த அளவுக்குத் தலையசைத்தேன்.
முழுசாகக் கொடுத்தார்.

பாத்திரம் கழுவிய தண்ணீர்
சாக்கடைக்குப் போகக் கூடாது,
புங்கமரத்தடிக்குப் போகும்.
கழுவுமுன் பார்த்தேன்:
தட்டின் விளிம்பில் கொஞ்சம் தூள்.
விரலை நனைத்து ஒற்றி எடுத்தேன்.
அப்ப ருசி என்று சொல்ல முடியாது.
சுண்ணாம்பு ருசி.

ஏட்டில் மூன்று கட்டம்.
தேதி. காணிக்கை. பந்தியில் சேர்ந்தவர்கள்.
"எவ்வளவுன்னு போட்டீங்க?"
அங்கியைத் தலைவழியே உருவிக்கொண்டிருந்த ஆயர்
துணிக்குள்ளிருந்து கேட்டார்.
பேனா சரியாய் எழுதவில்லை.
ஏழின்மேல் இன்னொரு தரம் ஏழு போட்டேன்.
"எண்பத்தேழு, ஐயா."

அவர் தலை வெளியே வந்தது.
ஒன்றும் சொல்லாமல் நெற்றியைத் துடைத்தார்.
அப்போதுதான் உறைத்தது,
விசிறிகளை நான் திரும்பப் போடவேயில்லை.