குறைந்தபட்சம் ஒரு நாள்

துபாய் என்றால் ஒரு நாள் போதும்.
சிங்கப்பூர், மதியத்துக்குள் வந்துவிடுவார்கள்.
லண்டன் ஒன்றரை.
அமெரிக்கா என்றால் எந்தக் கரை என்று கேட்பேன்.
செவ்வாய்ப்பேட்டையில் ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறவன்
கேட்க வேண்டியது அவ்வளவுதான்.
இறந்தவர் பெயரைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.

நான் விமானம் ஏறியதில்லை.
காமலாபுரத்தில் ஒன்று இறங்குவதை
வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன்,
வண்டியை எடு என்று போலீஸ்காரர் கத்தும்வரை.

தை நாலாம் தேதி நாகலூரிலிருந்து அழைப்பு.
பிலோமினா டீச்சர். மகள் ஜெசிந்தா எட்மன்டனில்.
அந்த ஊர் என் நோட்டில் இல்லை.
"கனடா. நல்லா மேலே," என்றார் பேசியவர்.
பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட.
ஃபிராங்க்பர்ட்டில் ஐந்து மணி நேரம் காத்திருப்பு.
பெங்களூரிலிருந்து கார்.
இரண்டு நாள் என்று எழுதினேன்.

இருபது கொண்டை ஊசி வளைவிலும்
காலிப் பெட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது.
தீர்த்தகிரி அதைக் கட்டிப்பிடித்தபடியே வந்தான்.
வாசலில் காய்ந்த காப்பிக்கொட்டையை ஒதுக்கி
எங்களுக்கு இடம் செய்தார்கள்.

மலையில் கரண்ட் போனால் வருவதற்கு நேரம் காலம் கிடையாது.
ஜெனரேட்டருக்கு நாலு லிட்டர், பிறகு இன்னொரு நாலு.
கடலெல்லாம் தாண்டிவிட்டாளாம்.
தர்மபுரியும் தாண்டிவிட்டாளாம்.
தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்து
எட்டு கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம்.
உலகத்தின் எந்த மூலையும் என் கணக்குக்குள் வந்துவிடும்,
தொப்பூர் மட்டும் என்றைக்கும் பிடிபட்டதில்லை.

வந்தாள். கையில் கனமான கோட்டு.
அழுவாள் என்று விலகி வழிவிட்டோம்.
கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து
"எவ்வளவு குளிர்?" என்றாள் என்னிடம்.
சொன்னேன்.
"எங்க ஊர்ல இப்ப மைனஸ் முப்பது.
ப்ளேனுக்கு வெளியே மைனஸ் ஐம்பத்தஞ்சு,
வழியெல்லாம் திரையில காட்டிட்டே வந்தான்."
பிறகு யாரையும் பார்க்காமல்,
"அம்மாவுக்கு மார்கழியே ஆகாது."

அடக்கம் முடிந்து பணம் எண்ணும்போது சொன்னாள்:
"திங்கக்கிழமை மத்தியானம் ஏறினேன்,
புதன் விடியக்காலம் இறங்கறேன்.
எனக்குச் செவ்வாய்க்கிழமையே வரலண்ணா."
பெட்டிக்கு வந்தது.
இருபத்துநாலு மணி நேரமும் ஓடியது.
அதைச் சொல்லவில்லை.
டீசல் காசை மட்டும் தள்ளிக்கொண்டேன்.

இறங்குகையில் எட்டாம் வளைவில் ஃபோன்.
கீழே சேலம் முழுக்க விளக்கு.
கிச்சிப்பாளையம். ஆண். அறுபத்தொன்று.
"எங்கேயிருந்து வரணும்?"
"யாரும் வர்றதுக்கில்ல. காலையில எடுத்துடுவோம்."
"குறைந்தபட்சம் ஒரு நாள் வாடகைங்க."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"சரி," என்றது குரல்,
"ஒரு நாள் இருக்கட்டும்."