மூன்று நூல் உயரம்

நர்ஸ் செசிலியா வீட்டு முகப்பு உத்தரத்தில்
ஒன்பது துளை.
சுண்டுவிரல் போகும். மூக்கை வைத்தால்
புதுத் தூள் மணம்,
என் பட்டறை மணமேதான்.

"வண்டு குடைஞ்சே வீட்டைச் சாய்ச்சிரும் ஆசாரி,
மழைக்கு முன்னாடி அடைச்சுக் குடுங்க."

அடைத்தேன்.
மரத்தூளில் பசை குழைத்து, மேலே மக்கு,
அதற்கும் மேலே பச்சை எனாமல்.
அறுநூறு ரூபாய், ஒரு டம்ளர் சுக்குக் காப்பி.
வில்பட்டியில் இதைவிடச் சுத்தமாக
யாரும் மூடியிருக்க மாட்டார்கள்.

மறுவருஷம், கதவு இறங்கிவிட்டதென்று கூப்பிட்டார்.
வேலி நெடுகத் தாட்பூட் கொடி.
இலை தெரியாமல் பூ.
காய், எண்ணிப் பார்த்தால் நாலு.
முந்தின வருஷம் கூடை கூடையாக
கொடைக்கானல் ஏரிக் கடைகளுக்கு ஏறிப்போன கொடி.
சாணம் போட்டாராம், சாம்பல் போட்டாராம்,
கடைசியாக ஜெபமும்.

கீல் மாற்றி, வார்னிஷ் காயும் நேரம்
ஒரு பூவின் முன்னால் குந்தினேன்.
தொழில் புத்தி. எதைப் பார்த்தாலும்
எங்கே பொருத்தியிருக்கிறான் என்றுதான் கண் தேடும்.

கீழே ஊதா நூல் விரித்த தரை.
நடுவில் ஒரு தூண்.
தூணிலிருந்து ஐந்து கைகள்,
பொடி தடவிய பக்கம் கீழே பார்த்து.
உச்சியில் மூன்று ஆணித் தலை.
நான் வந்தபோது நிமிர்ந்து நின்றவை
கீலை முடுக்குவதற்குள் மெல்ல வளைந்து
கைகளின் மட்டத்துக்கே இறங்கிவிட்டன,
ரசமட்டம் வைத்த மாதிரி.

தேனீ வந்தது. பொடிசு.
அந்தக் கூரையில் தலை இடிக்காமல் நடந்தது,
குடித்தது, போனது.
மொய் எழுதாமல் பந்தியில் உட்கார்ந்து
எழுந்து போகிற ஆள்.

டேப்பை நீட்டி
தரைக்கும் கூரைக்கும் அளந்தேன்.
மூன்று நூல்.
எந்த முதுகுக்கு அளவெடுத்து வைத்த வாசல் இது?

கண் தானாக உத்தரத்துக்குப் போயிற்று.
பச்சை எனாமலில் ஒன்பது வட்டம்.
ஒன்றில்கூட வெடிப்பில்லை.

கறுத்த, மினுங்குகிற முதுகு.
நுழையும்போதே கூரையில் உரசி
பொடியை அப்பிக்கொண்டு
அடுத்த பூவின் ஆணித் தலையில்
தேய்த்துவிட்டுப் போகிற முதுகு.
அவளுக்கு அது தெரியாது.
எனக்கும்தான் தெரியவில்லை, அறுநூறு வாங்கியபோது.

நர்ஸிடம் சொன்னேன்.
உத்தரத்தைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார்,
"அப்ப கதவுக்குக் கூலி கிடையாது" என்றார்.

காய்ந்த சில்வர் ஓக் கட்டை ஒன்றில்
டிரில் வைத்து எட்டுத் துளை போட்டேன்.
உள்ளே நாலு விரல் ஆழம், விளிம்பில் உப்புத்தாள் தேய்ப்பு.
மழை படாமல் தகரம் சாய்த்து
வேலிக் கம்பத்தில் கட்டினேன்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன்.
எட்டும் காலி. ஒன்றில் சிலந்தி.
கடைசித் துளைக்கு ஒரு விரற்கடை தள்ளி
ஒன்பதாவதாக ஒன்று,
அடியில் கொஞ்சம் தூள்,
நான் போட்டதைவிட வட்டமாக.