ஓர் இழுப்புக்கு ஒரு வேலை

கணபதி, மூன்றாவது சந்து. பங்குனி வெயில்
தகரக் கூரையில் டிக்டிக்கென்று விரிகிறது.
கருங்கல் தட்டின் மேல் இரண்டு அழுத்திகள்.
ஒன்று சுற்றி மூடிய சட்டம், சுழியம் மாதிரி.
மற்றது பக்கவாட்டில் சரிந்த ப.

கடல் தாண்டி யார் வீட்டுக் கொட்டகையிலோ
சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை
மறுபடி தோட்டாவாக்க இதுதான் கருவியாம்.
ஒரு கைப்பிடி, ஒரு தண்டு,
ஓர் இழுப்புக்கு ஒரு வேலை.
ஊதிய கூட்டை ஒடுக்க ஒரு தடவை,
ஈயம் உட்கார இன்னொரு தடவை.
அவசரக்காரனுக்கு ஆகாது என்று
ஆர்டர் கடிதத்திலேயே எழுதியிருந்தான்.

நான் தோட்டாவைத் தொட்டதில்லை.
காலிக் கூடும் அனுப்பவில்லை, சுங்கத்தில் விடமாட்டார்கள்.
வரைபடம் பார்த்துச் சென்னியப்பன்
பித்தளைக் கம்பியில் கடைந்து கொடுத்தார்
ஆறு பொம்மைகள்.
எண்ணெய் நாற்றம் தவிர
எந்தக் குற்றமும் இல்லாதவை.

டயலை நெற்றியில் ஒட்டவைத்து இழுத்தேன்.
மூடிய சட்டம் முள்ளை இரண்டு கோடு தள்ளியது,
கைவிட்டதும் கம்முனு திரும்பியது.
ப வாயைத் திறந்தது.
ஒன்பது, பத்து, பதினொரு கோடு.
வார்ப்பிரும்பும் கொட்டாவி விடும்.

ஆனால் ப-வுக்குள் கை தாராளமாய்ப் போகிறது,
வளையல் இடிக்காமல்.
மூடியதில் ஐம்பது தடவை பொம்மையை
வைத்து எடுத்து வைத்து எடுத்து
மணிக்கட்டில் சிவப்பாய் ஒரு கோடு.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
மூன்று கிலோ இரும்பு கூடுதல் என்பதற்குக்
கட்டம் இருக்கிறது.

சென்னியப்பன் எட்டிப் பார்த்தார்.
"இதென்னுங் செல்வநாயகி,
சந்தவம் புழியறதாட்ட இருக்குது?"

இருக்கிறதுதான்.
ஞாயிற்றுக்கிழமை வெந்த உருண்டையை
ஆவி அடங்குமுன் நாழியில் அடைப்பேன்.
வீட்டுக்காரர் முழு எடையோடு
நெம்புகோலில் தொங்குவார்.
எங்களுடையதும் ஓர் இழுப்புக்கு ஓர் உருண்டை.
சட்டம் முனகும். எத்தனை கோடு என்று
டயல் வைத்துப் பார்க்கத் தோன்றியதே இல்லை.
தேங்காய்ப்பால் திரியாமல் இருந்தால் சரி.

மத்தியானம் சிறுமுகையிலிருந்து கொழுந்தன் பேசினார்.
தேர்தல் வந்தால் அவர் துப்பாக்கி
ஸ்டேஷனுக்குப் போய்விடும்.
ரசீதை உறை போட்டு வைத்திருக்கிறார்:
ஒற்றைக்குழல் ஒன்று, தோட்டா ஆறு.
ஓட்டு எண்ணும் தேதி பன்றிக்குத் தெரியாது.
நேற்று ராத்திரி நாற்பது வாழைக்கன்று
வேரோடு புரண்டு கிடக்கிறதாம்.
"அண்ணி, அங்க தோட்டா மிஷின் பண்றீங்களாமே?"
சட்டம் மட்டும்தான் பண்றோம் என்றேன்.
"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க" என்றார்.
அவர் சிரித்தாரா என்று
மோட்டார் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.
துப்பாக்கி கையில் இருந்த வருசமும்
அவர் சுட்டதில்லை.
ஆறு கொடுப்பார், ஆறு வாங்குவார்.

அறிக்கை முடித்தேன்.
விறைப்பு: மூடியது மேல்.
கை புழங்க: திறந்தது மேல்.
பரிந்துரை: மூடியது.
பயன்பாடு என்ற கட்டத்தில் பேனா நின்றது.
கை அழுத்தி என்று எழுதினேன், பொய்யில்லை.
போதுமா என்று யாரும் கேட்கவுமில்லை.

ஆறு மணி. பொம்மைகளைத்
துணியில் துடைத்துப் பெட்டியில் அடுக்கினால்
ஐந்து.
மேசைக்கு அடியில் பார்த்தேன்,
சீவல் குவியலைக் கிளறினேன்,
சென்னியப்பனின் டிபன் பையைக்கூட
ஒரு கணம் பார்த்துவிட்டுக்
கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

ஆறாவது,
மூடிய சட்டத்துக்குள்
தூக்கிய தண்டின் தலையில்
நின்றுகொண்டிருந்தது,
நான் இறக்க மறந்த இடத்தில்.