கோடு

குர்ஸெமே கடற்கரையில் பனி ஜன்னல்வரை ஏறியிருந்த இரவு
சபைச் செயலர் குனார்ஸ் மூக்குக்கண்ணாடியை மறந்து வந்துவிட்டார்.
"வெல்கா, நீயே எண்ணிவிடேன்."
நான் குருத்துவம் பெறலாமா என்ற வாக்கெடுப்பை
நானே எண்ணினேன்,
மீன் வாடை போகாத தகரப் பெட்டியில் கைவிட்டு.

எங்கள் மொழியில்
ஆமுக்கும் இல்லைக்கும்
கடைசி எழுத்தின் தலையில் ஒரு கோடு வேண்டும்.
இந்த ஊரில் பாதிப் பேருக்கு
ஓய்வுநாள் பள்ளியில்
அந்தக் கோட்டைப் போடக் கற்றுக்கொடுத்தவள் நான்.
நன்றாகவே போட்டிருந்தார்கள்.

இல்லை. இல்லை. ஆம். இல்லை.
முன்வரிசையில் டீக்கன் அர்வீட்ஸ்
அந்த ஒரே வசனத்தில் வைத்த விரலை
கடைசிவரை எடுக்கவில்லை.
அடுப்புக்கு விறகு நான்தான் போட்டேன்,
நடுவில் எழுந்துபோய்.

ஒரு சீட்டில் கோடு இல்லை.
செல்லாது என்று தள்ளியிருக்கலாம், விதியில் இடமுண்டு.
பென்சிலை அழுத்தி உடைக்கும் அந்தக் கை
எனக்குத் தெரியும்.
என் கணவன் டைனிஸ்.
இல்லையில் சேர்த்தேன்.
முப்பத்தொன்று.

வீட்டுக்கு ஒரே காரில்தானே போகவேண்டும்.
ஹீட்டர் வேலை செய்யவில்லை.
பாலம் தாண்டியபின் கேட்டான்:
"உன்னைக் கூப்பிட்டது அவர்தான் என்று
எப்படித் தெரியும்?"

தெரியாது, டைனிஸ்.
மார்ச் மாத விடியல், பால் கறந்துகொண்டிருந்தேன்.
என் பெயர் கேட்டது.
திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை.

பசுவும்
திரும்பிப் பார்த்தது.